பெரும் வித்தியாசத்தில் வென்றவர்களுக்கு

எங்கள் வட்டாரக் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்தாட்டக் குழுவினருக்கு, கெலமங்கலத்திலிருந்து ஒரு பழைய ரசிகன் எழுதும் திறந்த மடல்

அன்புக்குரிய பெண்களே,

சொந்த மைதானத்தில், ஊர் ஜனங்களும் சக மாணவிகளும் சூழ்ந்து நிற்க, எதிர்த்து வந்த குழுவைத் தலைதூக்கவே விடாமல் ஆடி ஜயித்த ஒரு குழுவுக்குப் பாராட்டு எழுதுவதைக் காட்டிலும் சுலபமான காரியம் வேறில்லை என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் ஆட்டம் முடிந்த சில தினங்களுக்குப் பின் உங்கள் உடற்கல்வி இயக்குநர் அம்மையாரைக் கடைவீதியில் சந்தித்தபோது, உங்களில் இரண்டு மூன்று பேர், "ரொம்ப ஜாஸ்தியாப் போட்டுட்டோமா மேடம்? அந்தப் பொண்ணுங்களைப் பார்க்கவே பாவமா இருந்துச்சு" என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருப்பதாக அவர் சொன்னார். அன்றைக்கு மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கூடைக்கும் வித்தியாசத்தைக் கூட்டிக் கூட்டி முழங்கிய இளைஞரோ, டீக்கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இன்றளவும் அதே கணக்கை ஒப்பித்துக்கொண்டிருக்கிறார். ஒரே ஜயம் ஆடியவர்களுக்கு லஜ்ஜையையும் பார்த்தவர்களுக்குக் கர்வத்தையும் கொடுத்திருக்கும் இந்த விசித்திரத்தைக் கண்ட பிறகு, வெறும் வாழ்த்தோடு கடிதத்தை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் ஆட்டத்தின் எண்ணிக்கையை நான் இங்கே எழுதப் போவதில்லை. எண்ணை எழுதினால் படிக்கிறவர்கள் அடுத்தபடியாகத் தோற்ற கல்லூரியின் பெயரைத் தேடுவார்கள். பெயர் தெரிந்துவிட்டால் அந்தப் பெண்கள் பஸ் ஏறும்போதெல்லாம் அந்த எண்ணும் கூடவே ஏறிக்கொள்ளும். அதற்கு நான் காரணமாக இருக்க விரும்பவில்லை. கூடைப்பந்தாட்டத்தின் சரித்திரத்தில் ஏற்கெனவே பகிரங்கமாகிவிட்ட எண்கள் வேண்டிய மட்டும் இருக்கின்றன. 1948ஆம் வருஷத்து லண்டன் ஒலிம்பிக்கில் ஈராக் தேசத்துக் குழு கொரியாவிடம் 120க்கு 20 என்றும், சீனாவிடம் 125க்கு 25 என்றும் தோற்றது. அதே ஈராக் 1982இல் நம் டில்லி மாநகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் யேமன் தேசத்துக் குழுவை 251க்கு 33 என்று வென்றது. நாற்பது நிமிஷ ஆட்டத்தில் 251 என்றால், பத்து விநாடி கழியுமுன் ஒரு புள்ளி என்ற கணக்காகிறது. அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு உங்கள் கணக்கு எனக்கு அவ்வளவு பயங்கரமாகத் தோன்றவில்லை.

இவ்வளவு பெரிய எண்கள் இந்த ஆட்டத்தில் மட்டும் ஏன் விளைகின்றன என்பதை நீங்கள் யோசித்துப் பார்த்தீர்களானால், உங்கள் லஜ்ஜையில் பாதி அங்கேயே கரைந்துவிடும். வாலிபாலில் 25ஐ எட்டினால் ஒரு செட் முடிந்தது. இறகுப்பந்தில் 21ஐ எட்டினால் ஒரு கேம் முடிந்தது. எதிராளி எவ்வளவு பலஹீனமானாலும் அதற்கு மேல் அடிக்க இடமே இல்லை. கிரிக்கெட்டில், ரன்கள் போதுமென்று தோன்றினால், டிக்ளேர் செய்து கௌரவமாகப் பெவிலியனுக்குத் திரும்பிவிடலாம். கால்பந்தில், நாலைந்து கோல் போட்டாகிவிட்டதென்றால், மீதி நேரத்தைத் தங்களுக்குள்ளேயே பந்தைத் தட்டித் தட்டிக் கழித்துவிடலாம். கூடைப்பந்தாட்டத்தில் இந்த வசதி ஒன்றும் கிடையாது. ஜேம்ஸ் நைஸ்மித் 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. கூடத்தில், பழக்கூடைகளை மாடிக் கைப்பிடியில் கட்டி முதல் ஆட்டத்தை நடத்தியபோது, ஆட்டம் முழுவதற்கும் விழுந்தது ஒரே ஒரு கூடைதான். பின்னாளில், முன்னணியில் இருக்கிற குழு பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பொழுதைக் கழிக்கிற வழக்கம் வந்து, 1950இல் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டம் ஒன்று 19க்கு 18 என்று முடிந்து ஜனங்கள் அலுத்துப்போனார்கள். அதன் விளைவாகத்தான் 1954இல் அங்கே இருபத்துநான்கு விநாடிக் கடிகாரம் வந்தது. சர்வதேச ஆட்டத்தில் 1956இல் முப்பது விநாடியாக நுழைந்து, 2000க்குப் பிறகு அதுவும் இருபத்துநான்காயிற்று. ஆகவே, இரக்கத்தின் பேரில் பந்தை வைத்துக்கொண்டு நிற்கலாமென்றால் விதியே உங்களை நிற்கவிடாது. இருபத்துநான்கு விநாடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தே ஆக வேண்டும். எறிந்தால் விழத்தான் செய்யும், ஏனெனில் நீங்கள் விடியற்காலைப் பனியில் வந்து பயிற்சி எடுத்தவர்கள்.

ஆனால் இந்த நியாயத்தைச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் மன்னித்துவிட முடியாது. 2009 ஜனவரியில் அமெரிக்காவின் டல்லஸ் நகரத்தில் இரண்டு பள்ளிகளின் பெண்கள் குழுக்கள் ஆடிய ஆட்டமொன்று 100க்கு 0 என்று முடிந்தது. தோற்ற பள்ளி, கல்வி கற்பதில் சிரமமுள்ள பிள்ளைகளுக்காக நடத்தப்படும் சிறு பள்ளி. அங்கே இருந்த பெண்களே சுமார் இருபது பேர்தான். அவர்களில் எட்டுப் பேர் சேர்ந்ததுதான் குழு. பாதி ஆட்டத்தில் 59க்கு 0 என்று இருந்த பிறகும் வென்ற குழு மும்முரத்தைக் குறைக்காமல், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்துகொண்டே இருந்ததாகச் செய்தி வந்தது. வென்ற பள்ளி நிர்வாகம் அதைத் தனக்கு அவமானம் என்று அறிவித்து, அந்த ஜயமே வேண்டாமென்று சொல்லிற்று. மன்னிப்புக் கேட்பதில் தமக்குச் சம்மதமில்லை என்ற பயிற்சியாளர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அந்தப் பயிற்சியாளர் பக்கத்திலும் ஒரு வாதம் இருக்கவே செய்கிறது: தம் பெண்கள் விதிப்படி, நேர்மையாக ஆடினார்கள் என்பது. விதிப்படி என்பது மெய்தான். ஆயினும் நூறு என்ற எண்ணைத் தொட வேண்டுமென்ற ஆசை ஆட்டத்துக்குள் எப்போது புகுந்ததோ, அப்போதே எதிரே நின்ற பெண்கள் ஆட்டக்காரர்களாக இராமல் வெறும் தளவாடமாகிவிட்டார்கள் என்பது என் கட்சி.

குற்றம் புள்ளியில் இல்லை, நெருக்கலில் இருக்கிறது என்பதைத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்து சொல்கிறேன். நீங்கள் ஃபுல் கோர்ட் பிரஸ் என்று சொல்கிறீர்களே, எதிராளி எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே போட்ட மாத்திரத்தில் இருவர் இருவராகப் பாய்ந்து வளைத்துக்கொள்ளும் அந்த யுக்தி, சமபலமுள்ள குழுக்களுக்கிடையில் பார்ப்பதற்கு மிகவும் அழகானது. எட்டு விநாடிக்குள் பாதிக் கோட்டைத் தாண்டியாக வேண்டுமென்ற விதி இருப்பதால், வளைபட்டவள் பதறுவாள். பதறினால் பந்து கைமாறும். கைமாறினால் இரண்டே தாவலில் ஒரு லே-அப். பலஹீனமான குழுவுக்கு எதிரில் இதையே தொடர்ந்து செய்தால், அவர்கள் உங்கள் வளையத்தின் பக்கமே வர முடியாது. ஆட்டம் முழுவதும் தங்கள் வளையத்தடியிலேயே பந்தைப் பறிகொடுத்து நிற்க வேண்டியதுதான். அன்றைக்கு முதற் பகுதியில் நீங்கள் பிரஸ் செய்ததை நான் குறை சொல்லமாட்டேன். எதிரே வந்தவர்களின் பலம் இன்னதென்று உங்களுக்குத் தெரியாது. இரண்டாவது பகுதியில் நீங்கள் பின்வாங்கி, உங்கள் பாதியில் மண்டலமாக நின்று அவர்களை வரவிட்டீர்கள். அது சரியான காரியம். ஆனால் சில நிமிஷங்கள் தாமதமாகச் செய்யப்பட்ட காரியம். அந்தச் சில நிமிஷங்களில் விழுந்த கூடைகள்தாம் இப்போது உங்கள் மனத்தை உறுத்துகின்றன என்று நினைக்கிறேன்.

பெரிய குழுக்கள் இதை எப்படிச் சமாளிக்கின்றன என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம் சொல்கிறேன். அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தாட்டத்தில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். தொடர்ச்சியாக 111 ஆட்டங்களில் ஜயித்த குழு அது. 2018 மார்ச் 17ஆம் தேதி, ஸ்டோர்ஸ் என்னும் ஊரிலுள்ள தங்கள் சொந்த அரங்கில், தேசியப் போட்டியின் முதற் சுற்றில், பென்சில்வேனியாவிலிருந்து வந்த செயின்ட் பிரான்சிஸ் பல்கலைக்கழகக் குழுவை அவர்கள் சந்தித்தார்கள். முதற் பகுதியில் மட்டும் 55 புள்ளிகள். பாதி ஆட்டத்தில் 94க்கு 31. இதே வேகத்தில் போயிருந்தால் நூற்றெண்பதைத் தாண்டப் போதிய அவகாசம் இருந்தது. ஆனால் ஆட்டம் முடிந்தபோது எண்ணிக்கை 140க்கு 52. கழித்துப் பாருங்கள்: பின்பாதியில் அவர்கள் எடுத்தது 46, வந்தவர்கள் எடுத்தது 21. பத்திரிகைகள் 140ஐத்தான் கொட்டை எழுத்தில் போட்டன. எனக்கோ, முன்பாதியில் 94 எடுத்த ஒரு குழு பின்பாதியில் 46 எடுத்தது என்பதுதான் அந்த ஆட்டத்தின் விசேஷமான செய்தியாகப் படுகிறது. அதுவரை அந்தப் பருவத்தில் ஒரு தோல்விகூடக் காணாத அதே குழு, இரண்டு வாரம் கழிவதற்குள் அரையிறுதியில் நோட்ர டாமிடம், கூடுதல் நேரத்தில், 91க்கு 89 என்று தோற்று வெளியேறியது என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவைக்கிறேன். முதற் சுற்றில் எடுத்த 140இல் இரண்டைக் கடன் வாங்கி அரையிறுதியில் சேர்த்துக்கொள்ள எந்த விதியும் இடம் கொடுப்பதில்லை.

இனி, இந்த மடலை நான் எழுத நேர்ந்த மெய்யான காரணத்துக்கு வருகிறேன். ஒருதலையான ஆட்டத்தில் ரசம் இல்லை என்று சொல்லி, இடைவேளையிலேயே பாதிக் கூட்டம் டீ குடிக்கவும் பஸ் பிடிக்கவும் எழுந்து போய்விட்டதல்லவா, அவர்கள் அத்தனை பேரும் ஆட்டத்தின் சிறந்த பகுதியைப் பாராமலே போய்விட்டார்கள். இழுபறியான ஆட்டம் ஐந்து பேருக்குச் சொந்தமானது. பெஞ்சில் இருக்கிற ஏழு பேர் அங்கே தண்ணீர்ப் பாட்டிலை நீட்டுவதற்கும் கை தட்டுவதற்கும் மட்டுமே உரிமை உடையவர்கள். வருஷம் முழுவதும் அதே பயிற்சி, அதே ஓட்டம், அதே முழங்கால் சிராய்ப்பு. மாட்ச் நாளில் மாத்திரம் உட்கார்ந்த இடம். அவர்களுக்கென்று ஓர் ஆட்டம் உண்டென்றால், அது இப்படிப்பட்ட பெருவெற்றி நாளில்தான் உண்டு.

மூன்றாவது பகுதியில் உள்ளே வந்தாளே, பதினான்காம் எண் பெண், அவளை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். அவளுக்கு ஜெர்ஸி தோளில் நில்லாமல் சரிந்துகொண்டிருந்தது. யாரோ சீனியர் ஒருத்தியுடையதாக இருக்க வேண்டும். உள்ளே வந்ததும் முதற் பந்தையே பக்கக்கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டாள். அடுத்த தடவை ஃபவுல் கிடைத்து ஃப்ரீ த்ரோ கோட்டில் வந்து நின்றபோது, நடுவர் பந்தைக் கொடுத்த பிறகும் உள்ளங்கையைப் பாவாடையில் துடைப்பதுபோல் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றாள். முதலாவது வளையத்தின் முன்விளிம்பில் பட்டு அவள் பக்கமே திரும்பி வந்தது. இரண்டாவது போர்டில் பட்டு, வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே விழுந்தது. ஏற்கெனவே மலைபோல் குவிந்திருந்த எண்ணிக்கையில் அந்த ஒரு புள்ளிக்குக் கணிதரீதியான முக்கியத்துவம் எதுவும் கிடையாது. ஆனால் களைத்துப்போய் ஓரமாக உட்கார்ந்திருந்த உங்கள் முதல் ஐந்து பேரும், தாங்கள் போட்ட கூடைகள் எதற்கும் எழும்பாத அளவு எழும்பிக் குதித்தார்கள். கேப்டனாகிய பெண்ணே, நீ அவளைக் கட்டிக்கொண்டு ஏதோ சொன்னாய். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். அந்த ஒரு புள்ளிக்காகத் தேன்கனிக்கோட்டையிலிருந்து நடந்தே வந்திருந்தாலும் எனக்கு நஷ்டமில்லை.

ஆகையால் என் கோரிக்கை இதுதான்: அடுத்த தடவை இப்படி ஒரு நாள் வாய்க்குமானால், பெஞ்சிலிருப்பவர்களை இரண்டாவது பகுதியிலேயே இறக்கிவிடுங்கள், இறக்கிவிட்ட பிறகு அவர்களிடம், "மெதுவா ஆடுங்க, பாவம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பிரஸ்ஸைத் தளர்த்துவது ஒன்று. ஆட்டத்தையே தளர்த்துவது வேறொன்று. கூடைக்கடியில் நின்றுகொண்டு வேண்டுமென்றே போடாமல் விடுவதும், முதுகுக்குப் பின்னால் பாஸ் கொடுத்து வேடிக்கை காட்டுவதும், எதிராளியைப் போகவிட்டுச் சிரித்துக்கொண்டு பார்ப்பதும், நூறு புள்ளி போடுவதைவிடக் கொடுமையானவை.

இதை நான் தோற்ற பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். நம் ஊரிலிருந்து ஓசூர் போய், அத்திப்பள்ளி தாண்டிப் போனால் பெங்களூர்க் கண்டீரவா உள்ளரங்கம் எட்டிவிடும் தூரந்தானே. 2017 ஜூலையில் அங்கே நடந்த ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவில், நம் இந்தியப் பெண்கள் கஸகஸ்தானை இறுதியாட்டத்தில் 75க்கு 73 என்று வென்று முதற்பிரிவுக்கு ஏறினார்கள். அதே அரங்கில், 2019 செப்டம்பரில், முதற்பிரிவின் ஆரம்ப ஆட்டத்தில் ஜப்பான் நம்மைச் சந்தித்தபோது, அவர்கள் நூறைக் கடந்தார்கள். நாம் முப்பதைத் தொடவில்லை. சொந்த மண்ணில், சொந்த ஜனங்களின் முன்னிலையில், அப்படி ஓர் அபஜயம். காலரியில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கன்னடக் குடும்பத்தார் முதலில் கோபப்பட்டார்கள், பிறகு மௌனமானார்கள், கடைசியில் ஜப்பானியப் பெண்களின் பாஸ்களை ரசிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். ஜப்பான் கடைசி வரை ஒழுங்காக ஆடிற்று; அந்த ஒழுங்கிலே எங்களுக்கு ஒரு மரியாதை இருந்தது. நம் பெண்களைக் குழந்தைகளாகப் பாவித்து அவர்கள் விளையாட்டுக் காட்டியிருந்தால் அன்று வீடு திரும்புவதே எனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். அதே ஜப்பான் அந்த வாரக் கடைசியில் சீனாவை 71க்கு 68 என்று வென்று, தொடர்ந்து நான்காவது தடவையாகக் கோப்பையைக் கொண்டுபோயிற்று.

உங்களோடு ஆட வந்த பெண்களைப் பற்றியும் நீங்கள் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆட்டம் முடிந்தபின் அவர்களோடு வந்திருந்த ஆசிரியருடன் பேசிக்கொண்டிருந்தேன். அவர்கள் கல்லூரியில் இருப்பது மண் மைதானம். மண்ணில் பந்து ஓரிடத்தில் எழும்பும், ஓரிடத்தில் படுத்துவிடும். அதனால்தான் அவர்கள் டிரிபிள் செய்துகொண்டு முன்னேறத் தயங்கி, நின்ற இடத்திலிருந்தே பாஸ் கொடுக்கப் பார்த்து, உங்கள் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைவிட விசேஷம், அவர்கள் பழகிவந்தது ஆண்களுடைய ஏழாம் எண் பந்தில். பெண்களுக்குரிய ஆறாம் எண் பந்து அங்கே வாங்கப்படவே இல்லை. கனமான பந்தை எறிந்து பழகிய கை, சிறிய, லேசான பந்தை எடுத்து அதே பலத்தோடு எறிந்தால் அது போர்டைத் தாண்டிப் போகாமல் என்ன செய்யும்? அன்று அவர்களுடைய எறிதல்கள் வளையத்துக்கு மேலே பறந்தபோது கூட்டம் சிரித்தது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் கல்லூரியில் சேர்ந்த பிறகே முதன்முதலாகப் பந்தைத் தொட்டவர்கள். இரண்டு பேர் சாயங்காலத்தில் ரோஜாப் பசுமைக்குடில்களில் பூப்பறிக்கப் போகிறவர்கள். முதற்சுற்றுக்கு நாக்-அவுட் முறையில் சீட்டுப் போட்டால், சிமென்டுத் தளமும் விடுதியும் பயிற்சியாளரும் உள்ள குழுவுக்கு எதிரே மண்தரைக் குழு வந்து நிற்பது தவிர்க்கமுடியாதது. அதற்கு நீங்களும் பொறுப்பல்ல, அவர்களும் பொறுப்பல்ல.

கூட்டத்தாருக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலுமாக ஒரே சமயத்தில் ஆர்ப்பரித்து ஆட்டக்காரர்களை ஊக்குகிற பாக்கியம் நம் எல்லைப்புற மைதானங்களுக்குத்தான் உண்டு. அதைக் கேட்பதற்காகவே நான் வருகிறேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் மைக்கில் பேசிய இளைஞர், வதம், துவம்சம், சம்ஹாரம் என்று புராணத்திலிருக்கிற சொற்களையெல்லாம் வாரி இறைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. திப்பு சுல்தானை ஒழிப்பதற்காக 1799 மார்ச்சில் ஸ்ரீரங்கபட்டணம் நோக்கிப் போன கும்பினிப் படை நம் கெலமங்கலத்தில் முகாமிட்டுவிட்டுத்தான் போயிற்று. துவம்சம் என்றால் என்னவென்று இந்த ஊர் மண்ணுக்குத் தெரியும். கூடைப்பந்தாட்டத்துக்கு அந்தச் சொற்கள் வேண்டாம். அடுத்த ஆட்டத்தில் அவர் எதிரணிப் பெண்களின் பெயர்களையும் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, அவர்கள் கூடை போடுகிறபோது அந்தப் பெயரையும் உரக்கச் சொல்வாரானால், அவருக்கு என் செலவில் ஒரு வாரத்துக்கு டீ.

கடைசியாக, உங்கள் உடற்கல்வி இயக்குநர் அம்மையாரிடம் நான் பேசி, அவரும் சம்மதித்துவிட்ட ஒரு விஷயம். பரீட்சைகள் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல்லூரிப் பெண்களை இங்கே அழைத்து, இரண்டு குழுவையும் கலந்து, ஆளுக்குப் பாதியாகப் பிரித்து, நாலு பகுதி ஆட வைப்பது என்று முடிவாகியிருக்கிறது. உங்கள் சாமான் அறையில் ஆறாம் எண் பந்துகள் ஐந்து இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவற்றில் இரண்டைக் காற்றடித்து, அவர்கள் கிளம்புகிறபோது கொடுத்தனுப்புங்கள். மேல்தோல் சற்றுத் தேய்ந்திருந்தாலும் பாதகமில்லை. அன்றைய மத்தியானச் சாப்பாட்டுக்கான செலவை என் பேரில் எழுதிக்கொள்ளலாம். களியா சோறா என்பதை மட்டும் இரண்டு நாள் முன்னதாகச் சொல்லியனுப்பினால் போதும்.

இங்ஙனம்,
உங்கள் ஆட்டங்களின் பழைய ரசிகன்,
கெலமங்கலம்.